ஒரு 'இல்லை'க்காக

"நான் தாத்தாவா?" என்று வாத்தியார் மறுபடியும் கம்ப்யூட்டரைக் கேட்டார்.

'ஆம்' என்றது அது, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

மூன்று மணிக்குத் தேர்வாளர் வீட்டுக்கே வருகிறார். ஏழு வருட ஆராய்ச்சிக்குப் பட்டம் கிடைக்குமா கிடைக்காதா என்பது இன்று தெரிந்துவிடும்.

வாத்தியார் ஒப்பிட்டது இரண்டு கணினி மொழிகளை. தர்க்க மொழி கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகும். சந்துபொந்தெல்லாம் தேடிவிட்டு, கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று கைவிரிக்கும். பட மொழியில் பெட்டிகளும் கோடுகளும்தான். கோடு வழியே தகவல் வந்து சேராவிட்டால் பெட்டி வாயே திறக்காது. இந்த வித்தியாசத்தைக் காட்டத்தான், கட்டாயம் 'இல்லை' என்று வரவேண்டிய கேள்வியாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார். தகவல் சொந்தக் குடும்பத்து உறவுப் பட்டியல், அடித்துக் கொடுத்தது போன வருடம் கல்யாணமான சொந்த மகள். அதில் தப்பு வருமா? வராது. அதனால் அதை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பட மொழியைக் கேட்டார். அதன் பெட்டியும் பளிச்சென்று 'ஆம்' காட்டியது.

"சாப்பிட வாங்களேன்" என்றாள் மனைவி.

"இரு. ரெண்டும் சேந்து என் மானத்த வாங்குது."

தர்க்க மொழியில் ஒரு விதியை நீக்கினார். இப்போது அவர் தாத்தா இல்லை. மகளுக்கு அப்பாவும் இல்லை.

"அப்ப நான் யாரு பொண்ணுப்பா?" எட்டிப் பார்த்த மகள் சிரித்தாள்.

பதற்றத்தில் பட மொழியில் ஒரு கோட்டைப் பிடுங்கி வேறு பெட்டியில் செருகினார். மனைவி அவருக்கே பாட்டியானாள்.

"நல்லாருக்கு. பாட்டி சொல்றேன், சாப்பிட்டுட்டு மத்ததப் பாருங்க."

மணி இரண்டரை. எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவைத்து, கடைசியாக ஒருமுறை கேட்டார். ஆம். ஆம்.

பாவம் மனிதர், கண் கலங்கிவிட்டது. "ஏழு வருஷம் படிச்சும் ஒரே ஒரு 'இல்லை' வாங்க முடியலையே!"

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முகம் சிவந்துபோய் அம்மாவின் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"வேற கேள்வி போடுங்க மாமா. நேத்து டாக்டர் சொன்ன சந்தோஷத்துல அந்தப் பட்டியல்ல நான்தான் ஒரு வரி சேத்தேன். இதுக்கு இனிமே 'இல்லை'ன்னு வராது."