வயர் வெந்தது, முடிச்சு அவிழவில்லை

கட்டுப் போடுவதில் என்னை மிஞ்ச இந்தத் திசையன்விளையில் ஆள் கிடையாது. ராதாபுரத்தில் பிறந்து, பனையோலைக் கட்டுகளோடு வளர்ந்த கை இது. மூன்றாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடத்தையும் மூட்டை கட்டிவிட்டேன். (அதுவும் இன்றுவரை அவிழவில்லை.)

அந்தக் கைதான் போன வருஷம் என் மகன் செல்வனின் மானத்தைக் கப்பலேற்றப் பார்த்தது.

செல்வன் வயரிங் வேலை செய்கிறவன். "வயர்மேனுக்கா பொண்ணு?" என்று முனகிக்கொண்டேதான் பாளையங்கோட்டைச் சம்பந்தி, ஓய்வுபெற்ற வாத்தியார், மகள் எஸ்தரைக் கொடுத்தார். வீட்டைப் புதுப்பித்து, வயரெல்லாம் தானே இழுத்து, வீட்டு ஜெபத்துக்கு அவரை அழைத்திருந்தான் செல்வன். அன்றைக்காவது அவர் வாயிலிருந்து ஒரு 'நல்லாருக்கு' வாங்கிவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

முந்தின நாள் பரணில் ஏறிப் பார்த்தேன். இரண்டு ஏசி, ஹீட்டர், கரண்ட் அடுப்பு, எல்லாவற்றின் வயரும் இடைவெளி விட்டுத் தனித்தனியாக ஓடின. தலை சீவாத பிள்ளை மாதிரி இருந்தது. அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பனைநாரால் இறுக்கினேன். தூசி படக்கூடாதே என்று என் பழைய சிவப்புச் சேலையையும் சுற்றிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் ஏசி, ஹீட்டர், கரண்ட் அடுப்பு எல்லாம் ஓட, பாஸ்டர் ஜெபிக்கிறார். எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். என் மூக்கு மட்டும் திறந்திருக்கிறது.

"எஸ்தரு, கறி அடிபிடிக்குது. பைய எந்திச்சுப் போய்ப் பாரு."

"கறி நல்லாத்தான் வேகுது அத்தை. சும்மா ஜெபம் பண்ணுங்க."

அதற்குள் பரணிலிருந்து புகை. ஆமென் சொல்லாமலே கூட்டம் வாசலுக்கு ஓடியது. செல்வன் மெயினை அணைத்தான்.

"மாப்ள, இதுதான் உம்ம வேலையா வே?" என்றார் சம்பந்தி.

செல்வன் முகம் செத்துப்போய்ப் பரணில் ஏறினான். மேலேயிருந்து கத்தினான்.

"எம்மா! இது யாரு முடிச்சு?"

(அந்த முடிச்சுக்கு ஊரில் ஒருத்திதான் உண்டு.)

கருகிய வயர்க் கட்டைச் சேலையோடு அறுத்தெடுத்து இறங்கினான். "தனித்தனியாக் கெடந்தா காத்துல சூடு போயிரும். நீ சேத்துக் கட்டி, போர்த்தியும் விட்டிருக்க. ஒண்ணை ஒண்ணு அவிச்சிருக்கு."

"ஃபியூஸ் போகலையே?" என்றார் சம்பந்தி.

"ஒவ்வொரு வயரும் அதது அளவுக்குத்தான் கரண்டு இழுத்துது மாமா, அதான் ஃபியூஸ் போகல. சேந்து கெடந்தா அந்த அளவையே கொறைக்கணும்."

"திருவிழா பஸ்ஸு மாதிரின்னு சொல்லுலே," என்றேன் நான். "தனியா நின்னா ஒண்ணும் தெரியாது. நெருக்கி நின்னா சும்மா நிக்கவனும் வெந்துருவான்."

சம்பந்தி என்னைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். "அப்ப கோளாறு வயரிங்ல இல்ல, சம்பந்தியம்மாகிட்ட. மாப்ள, நீரு போட்டது நல்லாத்தான் இருந்திருக்கு."

வந்துவிட்டது 'நல்லாருக்கு'! என்னால் வந்தது. சும்மா இருப்பேனா?

"அண்ணாச்சி, நாரு கருகியும் முடிச்சு அவுந்துதா, பாத்தீரா?"

இப்போதும் குடும்பத்தோடு காரில் நெருக்கி உட்கார்ந்தால், சம்பந்தி ஆரம்பித்துவிடுவார்: "சம்பந்தியம்மா, வயர் சுடுது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

நானும் முந்தானையை எடுப்பேன். "போர்த்தி விடட்டுமா அண்ணாச்சி?"