எம் மோடில் எடுத்த படம்

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்து நாலே நாலு. பி, ஏ, எஸ், எம். என் வீட்டுக்காரர் கேமராவின் தலையில் ஒரு சக்கரம் உண்டு. அதில்தான் இந்த நாலும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் மண்டையில் ஏறாதது கல்யாணமான முதல் வாரத்திலேயே ஏறிவிட்டது.

"பி-யில வச்சா கேமராவே வெளிச்சம் பாத்து எல்லாத்தையும் முடிவு பண்ணிடும். அது சோம்பேறிங்களுக்கு. ஏ-யும் எஸ்-ஸும் பாதி நம்ம பேச்சைக் கேக்கும், மீதி அதோட இஷ்டம். எம்முன்னா எல்லாமே நம்ம கையில. நான் எம் மோடு ஆளு. கடையிலயும் சரி, வீட்லயும் சரி."

"சரிங்க" என்பேன். எனக்கு அதிகம் பேச வராது.

கல்யாணங்களுக்குப் படம் எடுப்பதுதான் அவர் தொழில். ஸ்டுடியோ சுவரில் நட்டநடுவில் என் படம் தொங்கும். கண் நன்றாகத் திறந்திருக்கும். வருகிற ஆளையெல்லாம் அதன் முன்னால் நிறுத்திக் கதை சொல்வார்.

என் அக்கா கல்யாணத்துக்கு அவர்தான் படம் எடுத்தார். பிலிமைக் கழுவிப் பார்த்தால் எல்லாப் படத்திலும் நான் கண்ணை மூடியிருந்தேன். அப்பா சத்தம் போட்டார். குடும்பப் படத்தை மட்டுமாவது திரும்ப எடுத்துத் தருகிறேன் என்று வீட்டுக்கு வந்தார். பி-யில் எடுத்தார். மூடியிருந்தது. மறுபடி வந்து ஏ-யில் எடுத்தார். மூடியிருந்தது. மூன்றாவது முறை பிளாஷைக் கூரைப் பக்கம் திருப்பி, வெளிச்சம் மேலே மோதி இதமாக இறங்கும்படி எஸ்-ஸில் எடுத்தார். அப்போதும் மூடியிருந்தது. அன்றைக்கு லென்ஸ் மூடியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டு, காபி டம்ளரைப் பையில் போட்டுக்கொண்டு போனார். நாலாவது முறை அவருடைய அம்மாவும் கூட வந்தார்கள், என்னைப் பெண் கேட்க. அன்றைக்கு எம். கண் திறந்துவிட்டது!

அன்றைக்குக் கேமராவில் வைத்த அளவை அந்தப் படத்தின் முதுகில் 'எம், அறுபது, எட்டு' என்று எழுதிவைத்திருக்கிறார். தாயத்து மாதிரி.

போன வருஷம் என் கொழுந்தன் முதல்தடவையாகத் தனியாக ஒரு கல்யாணம் எடுத்தார். பிரிண்ட் வந்த மத்தியானம் வீடு கிடுகிடுத்தது.

"பாரு, உன் கொழுந்தன் லட்சணத்த! மாப்பிள்ளையோட தங்கச்சி. இருபத்திரெண்டு படம். இருபத்திரெண்டுலயும் தூங்குது!"

கொழுந்தன் கதவோரம் நின்றார். "சரியாத்தாண்ணா எடுத்தேன்."

"எந்த மோடு?"

"பி."

"பி! பிளாஷை நேரா மூஞ்சில அடிச்சிருப்ப. நானே போய் எடுத்துக் குடுக்கறேன். நீ இனிமே கடைப்பக்கம் தலை வச்சுப் படுக்காத. வேற வேலை பாத்துக்க."

கொழுந்தன் முகம் தொங்கிப்போயிற்று. கேமராவைத் தவிர வேறெதுவும் தெரியாத பிள்ளை. என் மகள் அவர் காலைக் கட்டிக்கொண்டு, "சித்தப்பா, என்னை எடு" என்றாள், நேரம் காலம் தெரியாமல்.

படங்களை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அந்தப் பெண் கண்ணை மூடியிருந்தாள். ஆனால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. தூங்குகிறவள் அப்படிச் சிரிக்கமாட்டாள். எனக்குக் கன்னம் சுட்டது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

பிளாஷ் ஒருதரம் அடித்தால் அடுத்ததற்குத் தயாராகும்வரை கொசு மாதிரி 'ஙொய்ங்' என்று முனகும். முனகல் நின்றதும் என் வீட்டுக்காரர் நாக்கு நுனியைக் கடிப்பார். கடித்தால் அடுத்த நொடி அமுக்குவார். அண்ணன், தம்பி ரெண்டு பேருக்கும் அதே பழக்கம். அக்கா கல்யாணத்தில், தொளதொளச் சட்டையும் தோளில் பேட்டரிப் பையுமாக, "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்றார். அதற்குமுன் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. திரும்ப வாங்க என்று சொல்ல எனக்கு வாய் ஏது? நாக்கைக் கடித்தார். நான் கண்ணை மூடினேன்.

"என்னங்க, தம்பியையே அனுப்புங்களேன்."

"உனக்கென்ன தெரியும்? எம் மோடு ஆளே நேர்ல போறேன்!"

போனார். ரெண்டு நாள் கழித்து பிரிண்ட் கவரைப் பிரித்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பன்னெண்டு படம். பன்னெண்டும் மூடியிருக்கு."

"பிளாஷு?"

"கூரைக்குத்தான் திருப்பினேன். எம், அறுபது, எட்டு." ஸ்டுடியோவுக்கு ஓடி என் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து முதுகைப் பார்த்தார். "சரியாத்தான எழுதியிருக்கு!"

"ஒருதரம் தம்பி போகட்டுங்க. கூட அத்தையும் போகட்டும்."

"அம்மா எதுக்கு? அம்மாவுக்கு மோடு தெரியுமா?"

"சும்மா, துணைக்கு."

அவருக்கு அன்றைக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. கிளம்பும்போது அத்தையின் காதில் மட்டும் ஒரு வார்த்தை போட்டேன். போனவர்கள் சாயங்காலம் திரும்பி வந்தார்கள். அத்தை முகமெல்லாம் சிரிப்பு. கொழுந்தன் தலை நிமிரவே இல்லை, ஆனால் காது சிவந்திருந்தது.

இந்தமுறை பிரிண்ட்டை இவரே போய் வாங்கிவந்தார். அத்தனை படத்திலும் அந்தப் பெண்ணுக்கு விளக்கேற்றின மாதிரிக் கண்.

"எந்த மோடுடா?"

"பி-தாண்ணா. நேராத்தான் அடிச்சேன்."

"சரி, நாளைக்குக் கடைக்கு வா" என்றார்.

ஒரு கையில் அவள் படம், இன்னொரு கையில் என் படம். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். உதடு எதையோ கூட்டிக் கழித்தது.

"இந்தத் தடவையும் அம்மா போனாங்க. அன்னைக்கும் அம்மா வந்தாங்க…"

மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த நான் இன்னும் குனிந்துகொண்டேன்.

"அப்ப நீ… அப்ப எம் மோடு?"

"அதுவும் நல்ல மோடுதாங்க" என்றேன்.