முதல் ஆளின் கதிரை

கார்ட்டியர்வில், மொன்றியல்
புரட்டாதிச் சனி

கனம் பொருந்திய மூத்த தமையனார் ஆனந்தராசா அவர்களின் சமூகத்துக்கு,

தம்பி சிவராசா தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது. முருகன் அருளால் இங்கே என் முழங்கால்களைத் தவிர எல்லோரும் சுகம். கோண்டாவிலில் நீங்களும் அண்ணியும் நலமாகவும், உங்கள் சீனி வருத்தம் அடக்கமாகவும் இருக்கும் என்று நம்புகிறேன். தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன தடவை நான் ‘சான்சூசி’ என்று தொடங்கியவுடனேயே தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். வட்ஸ்அப்பில் எழுதினாலோ, லண்டனில் உங்கள் மகன் அதைக் குடும்பம் முழுவதற்கும் அனுப்பிவிடுவான். கடிதத்தை நீங்கள் இடையில் வைத்தாலும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்ப எடுப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். தனோஜனுக்கும் செலீனுக்கும் பிறந்திருக்கும் நம் பேத்திக்கு எந்தக் குடும்பப் பெயர் என்பது. "சிவராசா எண்ட பேரை அந்த வெள்ளைக்காரருக்கு விட்டுக் குடுத்தியெண்டால், எனக்கு இனிக் கடுதாசி போடாதை" என்று நீங்கள் சொன்னீர்கள். நான் விட்டுக்கொடுத்துவிட்டேன். அதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடுதாசி போடுகிறேன். கோபப்படுவதற்கு முன்னால் நடந்தவற்றைத் தயவுசெய்து வரிசையாகக் கேளுங்கள்.

மாசி மாதம் செலீன் பிள்ளைத்தாச்சி என்று தெரிந்த நாளிலிருந்து அவளுடைய தகப்பனார், நம் சம்பந்தி ரெஜான் சான்சூசி, ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் இளைப்பாறிய பஸ் சாரதி. வேலையில் இருந்தபோது உயிரோடிருப்பவர்களை ஏற்றி இறக்கினார், இப்போது செத்தவர்களைத் தேடித் திரிகிறார். பிறக்கப்போகும் பிள்ளைக்கு வம்ச வரைபடம் ஒன்று செய்து தொட்டிலுக்கு மேலே கொழுவ வேண்டும் என்பது அவருடைய ஆசை. விரித்த விசிறி போல ஒரு படம். அடியில் பிள்ளை, அதற்கு மேல் தாய் தகப்பன், அதற்கு மேல் அவர்களின் தாய் தகப்பன் என்று விரிந்துகொண்டே போகும். செலீன் பக்கத்தில் பிரான்ஸ் தேசத்து நோர்மண்டி வரைக்கும் பெயர்கள், இடம் போதாமல் எறும்பு எழுத்தில் கிடந்தன. தனோஜன் பக்கத்தில் நானும் புஷ்பராணியும், எங்கள் இருவரின் தாய் தகப்பன்மாரும். அதற்கு மேலே வெறும் வெள்ளைக் கடதாசி. புஷ்பராணி எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன, பாதி வழிச்ச தலை மாதிரிக் கிடக்கு" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நம் பக்கத்தை நிரப்ப வழியில்லாததால், நிரம்பிய பக்கத்துக்கு உதவி செய்யத் தொடங்கினேன். பேத்தியின் ஆட்கள் நமக்கும் ஆட்கள்தானே. ஐரோப்பாவில் நமக்கு இத்தனை சொந்தக்காரர் இருப்பது எனக்கு இந்த வயதில்தான் தெரியவந்தது. ஒரு ஞாயிறு ரெஜான் கதவை ஒரு தடவை பார்த்து, குரலைத் தாழ்த்தி, தன் பாட்டனும் பாட்டியும் நெருங்கிய உறவுக்காரர் என்றும், கலியாணத்துக்கு ஆயரிடம் விசேஷ அனுமதி வாங்க வேண்டியிருந்தது என்றும் சொன்னார். சொல்லும்போதே காது சிவந்துவிட்டது. நான் படத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளையின் தாயும் பெண்ணின் தகப்பனும் கூடப்பிறந்தவர்கள். "அட, தாய்மாமன்ரை மகளைத்தானே முடிச்சிருக்கிறார்! முறை சரியாத்தானே கிடக்கு!" என்று எழுந்து கைகொடுத்தேன். தனோஜன் அதை மொழிபெயர்த்தான். இத்தனை வருடமாகத் தன் குடும்பத்தில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத காரியத்துக்கு ஒருவர் வாழ்த்துச் சொல்கிறாரே என்று ரெஜான் திகைத்துப் போய்விட்டார். அன்றைக்கு வைத்த ரோல்ஸ் முழுவதையும் அவரே சாப்பிட்டார்.

இன்னொரு ஞாயிறு அவர்களின் முதல் மூதாட்டியின் கதை வந்தது. அந்தக் காலத்தில் இங்கே வந்து குடியேறியவர்கள் பெரும்பாலும் ஆண்களாம். அதனால் பிரான்ஸ் அரசர் இளம் பெண்களுக்குச் சீதனமும் கொடுத்துக் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார். இறங்கிய சில கிழமைக்குள் முன்பின் தெரியாத ஒருவனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். ரெஜான் இதைச் சரித்திர அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் புஷ்பராணியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். ஒரு போட்டோவை மட்டும் நம்பி மிராபெல் விமான நிலையத்தில் தனியாக வந்து இறங்கியவள்தானே அவளும். "அவவுக்கு ராசா சீதனம் குடுத்தவர். எனக்கு எங்கடை ஐயா வயலை வித்துக் குடுத்தவர்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள். தேத்தண்ணி வர நெடுநேரம் ஆனது.

இந்த நேரத்தில்தான் நீங்கள் தலையிட்டீர்கள். "எங்களிலையும் ஒல்லாந்தன் ரத்தம் ஓடுதடா. ஐயாவுக்குப் பூனைக்கண் எல்லே" என்றீர்கள். நான் அதை அப்படியே ரெஜானிடம் சொல்ல, அவர் நித்திரையைத் தொலைத்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த ஒல்லாந்தக் கப்பல்களைத் தேடத் தொடங்கினார். வெள்ளைக் கடதாசியில் பென்சிலால் ஓர் ஒல்லாந்தனையும் எழுதிவிட்டார். கடைசியில் ஐயாவின் படங்களைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். இளவயதுப் படத்தில் கண் கன்னங்கரேலென்று இருக்கிறது, கடைசிப் படத்தில்தான் வெளிறிக் கிடக்கிறது. புஷ்பராணி, "அது ஒல்லாந்தன் இல்லை, புரை. வெட்டச் சொல்லி டொக்டர் சொன்னவர், மாமா மாட்டன் எண்டிட்டார்" என்றாள். ரெஜான் ஒல்லாந்தனை ரப்பரால் அழித்தார். அந்த இடம் இன்னும் கொஞ்சம் அழுக்காக இருக்கிறது. நீங்கள் ஊரில் இன்னும் அதைச் சொல்லித் திரிவதாகக் கேள்வி, இனி வேண்டாம்.

பிறகு அவர் கேட்டார், சிவராசா என்ற குடும்பப் பெயர் எந்த நூற்றாண்டில் தோன்றியது என்று. அண்ணை, நம்மில் குடும்பப் பெயர் ஏது? தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால், அவ்வளவுதானே. மிராபெலில் நான் சரவணமுத்து சிவராசா என்று சொன்னேன். அங்கிருந்த குடிவரவு அதிகாரி முன்னாலிருந்ததை என் பெயராகவும் பின்னாலிருந்ததைக் குடும்பப் பெயராகவும் எழுதிக்கொண்டார். இதை விளக்கியபோது, உங்கள் பிள்ளைகள் ஆனந்தராசா என்றும் என் பிள்ளை சிவராசா என்றும் இருப்பதைக் கேட்ட ரெஜான், நம் இருவருக்கும் தகப்பன் ஒருவர்தானா என்று மிக நாசூக்காகக் கேட்டார். நான் கோபப்படவில்லை, அவர் கேட்ட விதம் அப்படி.

ஆனால் வெட்கத்தை விட்டு உங்களிடம் ஒன்று சொல்கிறேன். எனக்கு அந்தப் பெயர் பேத்திக்குப் போக வேண்டும் என்று ஆசையாக இருந்தது. சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் இருந்த காலம் முழுக்க என்னை ஐயாவின் பெயரால்தான் கூப்பிட்டார்கள். மேற்பார்வையாளர் "சரவணா, சரவணா" என்று ஏசிய ஏச்செல்லாம், வாழ்நாளில் ஒருவரிடமும் ஏச்சு வாங்காத அந்த மனிதரின் பெயருக்கே போய்ச் சேர்ந்தது. வெளியில் என் பெயரை ஒருவர் வாய் திறந்து சொல்லிக் கேட்டது, தனோஜனின் பள்ளிக்கூடத்தில் பரிசுக்காக அவனைக் கூப்பிட்டபோதுதான். மேடையில் "சிவராசா" என்றார்கள், நானும் எழும்பிவிட்டேன். அந்தப் பெயரைப் பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று அவனிடம் கேட்டேன். "பாப்பம் அப்பா" என்றான். அவன் பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

ஆடி மாதம் ரொக்ஸ்பரோவில் ஒரு மண்டபத்தில் சான்சூசிகளின் ஒன்றுகூடல் வந்தது. வருடா வருடம் அந்தப் பெயர்க்காரர் எல்லோரும் கூடுவார்களாம். மண்டபம் நிறையச் சனம், எங்களையும் அழைத்திருந்தார்கள். நான் கோட்டுப் போட்டு, புஷ்பராணி காஞ்சிபுரம் உடுத்து, முறைப்படி தட்டத்தில் பழமும் கொண்டு போனோம். உள்ளே முன்வரிசை மேசையில் பூச்சுற்றிய கதிரை ஒன்று தனியாக வெறுமையாக இருந்தது. நீங்களே சொல்லுங்கள், மாப்பிள்ளையின் தகப்பன் வருகிற சபையில் பூச்சுற்றிய கதிரை யாருக்குப் போடுவார்கள்? நான் போய் இருந்துவிட்டேன். மண்டபம் அப்படியே அடங்கிப்போய்விட்டது. மரியாதை என்று நினைத்துக் கைகூப்பினேன். தனோஜன் ஓடிவந்தான்.

"அப்பா, எழும்புங்கோ! அது செத்த ஆளின்ரை கதிரை!"

அவர்களின் முதல் மூதாதைக்காக வருடா வருடம் வெறுமையாக வைக்கிற கதிரையாம் அது. எழும்பப் பார்த்தேன், முழங்கால் விடவில்லை. அதற்குள் ரெஜானின் அத்தை லூசியென், தொண்ணூறைத் தாண்டியவர், சான்சூசிகளின் சங்கத் தலைவி, தடியை ஊன்றிக்கொண்டு வந்து என் முன்னால் நின்று ஏதோ கேட்டார்.

"நீங்கள் ஆர் எண்டு கேக்கிறா, அப்பா."

"சிவராசா எண்டு சொல்லு."

அவர் திரும்ப ஒரு கேள்வி கேட்டார். நான் தனோஜனைப் பார்த்தேன்.

"என்னடா கேக்கிறா?"

"இந்த நாட்டுக்கு முதல் வந்த சிவராசா ஆர் எண்டு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே அவரிடம் பதில் சொன்னான். அவ்வளவு பிரெஞ்சு எனக்கும் தெரியும். "இவர்தான்" என்றான். என் தோளில் கையும் வைத்தான். அந்தக் கையை அவன் சின்ன வயதுக்குப் பிறகு என் தோளில் வைத்ததில்லை.

கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் இவர் சரியான கதிரையில்தான் இருக்கிறார், ஒருவரும் எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு நடந்தது உங்களுக்கு நம்பக் கடினம். முதல் ஆளை உயிரோடு பார்த்தது அவர்களுக்கு அதுதான் முதல் தடவையாம், வரிசையில் வந்து என்னோடு படம் எடுத்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை என் கையைக் கிள்ளிப் பார்த்தது. பிறகு லூசியென் என் பக்கத்தில் இருந்து தங்கள் ஆளின் கதையைச் சொல்ல, தனோஜன் எனக்குச் சொன்னான். அவர் பிறக்கும்போது சான்சூசி இல்லையாம். சிப்பாயாக வந்தவர், தகப்பன் பெயர் வேறு. பட்டாளத்தில் இருந்தவர்கள்தான் சான்சூசி, அதாவது கவலை இல்லாதவன், என்று பட்டம் வைத்தார்களாம். "பேர் வைச்சவை அவரிட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லையாம் அப்பா" என்றான். எனக்கு அந்த மிராபெல் அதிகாரியின் பேனை ஞாபகம் வந்தது. அண்ணை, அந்தச் சிப்பாய் கவலை இல்லாதவனாக இருந்திருக்க முடியாது. தாய் தகப்பனைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு இந்தப் பனிக்குள் வந்து நின்றவன் அவன். அவன் கதிரையில் இருந்துகொண்டு நான் அழுதேன். முழங்கால் நோகுதாம் என்று புஷ்பராணி எல்லோருக்கும் சொல்லிச் சமாளித்தாள்.

அன்றைக்கே என் பிடிவாதம் போய்விட்டது. அந்த மனிதன் தன் தகப்பன் பெயரை விட்டுவிட்டுத்தான் இத்தனை சனத்துக்குத் தலைவனாக இருக்கிறான். ஐயாவும் தன் பெயரை எங்கள் பெயருக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார், எங்கள் பிள்ளைகளுக்கு அது போகவில்லையே என்று அவர் ஒரு நாளும் கவலைப்படவில்லை. ஒரு தலைமுறைக்கு ஒரு பெயர், பிறகு அடுத்த ஆளுக்கு இடம் விடுவதுதானே நம் வழக்கம். நான் மட்டும் என்ன ராசாவா? ஆவணியில் பிள்ளை பிறந்தது, பெண் பிள்ளை, வித்தியா என்று பெயர் வைத்தார்கள். இங்கே அரசாங்கம் முப்பது நாளுக்குள் பதியச் சொல்கிறது, நமக்கோ முப்பத்தொன்றில்தான் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிகிறது. அந்த ஒரு நாளுக்காகவும் நான் சண்டை பிடிக்கவில்லை. நேற்றைக்குத் தனோஜனைக் கூப்பிட்டு, "சான்சூசி எண்டே பதியுங்கோ, எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை" என்று சொல்லிவிட்டேன். ஆகவே சிவராசா என்ற பெயர் தனோஜனோடு முடிகிறது. நீங்கள் இதைச் சொந்தக்காரருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, பெரிய மனம் என்பது இதுதான் என்று விளங்கப்படுத்த வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு. ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் படித்து, நோய் நொடியின்றி, பெயரோடும் பெயர் இல்லாமலும் நீடு வாழ ஆசீர்வதிக்கிறேன். உங்கள் கோபத்தையும் ஆசியையும் ஒரே உறையில் எதிர்பார்க்கும்,

தம்பி,
ச. சிவராசா

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரம் செலீன் பிள்ளையோடு வந்தாள். பதிந்தாயிற்றாம். வித்தியா சிவராசா. அதோடு சரி, சான்சூசி இல்லை. "சான்சூசி ஒரு மண்டபம் நிறைய இருக்கிறார்கள், உங்கள் பேருக்கு நீங்களும் தனோஜனும்தான்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். இங்கே பெண்கள் கலியாணம் முடித்தாலும் பெயர் மாறாது, சட்டமே அப்படி. நான் வேண்டாம் என்று மறுத்தேன். ஒரே ஒரு தடவைதான் மறுத்தேன். ஆகையால் மேலே பெரிய மனம் பற்றி எழுதிய பகுதியை ஒருவருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

இன்னொன்று. இனி என்னையும் ஒரு காலத்தில் தேடுவார்கள், அண்ணை. கதிரையும் போடுவார்கள். எனக்கு முன்னால் ஆளே இல்லை என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. நமது ஐயா பிறந்த ஊர், அவருடைய தகப்பன் பெயர், அவருக்கு முன்னால் இருந்தவர் பெயர், உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் உடனே எழுதுங்கள். என் கதிரைக்குப் பக்கத்தில் ஐயாவுக்கும் ஒன்று போடச் சொல்லி இப்போதே ரெஜானிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.