மாவு புளித்தல், செங்கோடன் முறை

ஒரு காட்டில், மிருகங்கள் பாயும் பழக்கத்தை விட்டு வரிசையில் நிற்கப் பழகிக்கொண்ட காலத்தில், பழனாத்தாள் என்றொரு கரடி தண்ணீர்த் துறையில் இட்லிக் கடை வைத்திருந்தாள். தண்ணீர் குடிக்க வராத மிருகம் ஏது? அந்த இடம்தான் அவளுக்குச் சோறு போட்டது.

ஒரு கோடையில் மாவு அநியாயத்துக்குப் புளித்துவிட்டது. கொட்ட மனசு வரவில்லை. வெங்காயமும் மிளகாயும் அரிந்து போட்டுக் குழிப்பணியாரமாக ஊற்றினாள். அந்தக் காடு அதுவரை கண்டிராத பண்டம். மான்கள் புல்லை மறந்தன. பக்கத்துக் கடை நரி செங்கோடன் மறுவாரமே அதையே சுட ஆரம்பித்தான்.

அப்போதுதான் சிங்கத்தின் அரசாணை வந்தது. புதுமை செய்த கடைகள் மட்டும் துறையில் இருக்கலாம், மற்றவை பாறைக்குப் பின்னால் போய்விட வேண்டும். யானை அதிகாரி படிவத்தோடு வந்தார்.

"புதுமைக்கு உங்களைத் தூண்டினது எதும்மா? ஆராய்ச்சியா, பயிற்சியா, சந்தை ஆய்வா, அரசு ஊக்கமா?"

"மாவு புளிச்சுப் போச்சுங்க."

"அதுக்குக் கட்டம் இல்லையே. ஏதாவது ஒண்ணுல டிக் அடிங்க."

"நடக்காததுக்கு எப்படிங்க டிக் அடிக்கறது?"

செங்கோடன் நாலிலும் அடித்தான். துறையும் கிடைத்தது, பரிசாக ஒரு ஃபிரிட்ஜும் கிடைத்தது. பழனாத்தாள் பாறைக்குப் பின்னால் போனாள். அங்கே ஈ கூட எட்டிப் பார்க்கவில்லை.

நியாயம் தானாக வரும் என்று காத்திருப்பவர்கள் வேறு கதை படிக்கலாம். இங்கே வந்தது புதுமைப் பயிற்சி முகாம். முடித்தவர்கள் மறுபடி படிவம் போடலாமாம். பயிற்றுநர், செங்கோடன். பழனாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

நரி ஃபிரிட்ஜிலிருந்து மாவை எடுத்துச் சுட்டான். பணியாரம் சப்பென்று இருந்தது. யானை முகத்தைச் சுளித்தார். நரி பரிதாபமாகக் கரடியைப் பார்த்தான்.

"மாவை வெளிய வெச்சுப்போட்டு மறந்துருங்க," என்றாள் பழனாத்தாள்.

யானை குறித்துக்கொண்டார். மறுநாள் படிவத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது: 'மாவு புளித்தல், செங்கோடன் முறை.'

பழனாத்தாள் அதை இரண்டு தடவை படித்தாள். துறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு டிக் அடித்தாள்.

"இது நடந்ததுதானுங்களே," என்றாள்.

நீதி: மாவு தானாகவே புளிக்கும், அது புதுமை ஆவதற்குத்தான் ஒரு நரி வேண்டும்.