அளவு சேராத செருப்பு

"அண்ணே, இடது பக்கக் கிருதா எங்கே?"

கண்ணாடியைப் பார்த்து வாத்தியார் பதறினார். சலூன்காரர் எட்டிப் பார்த்தார். வலது கிருதா காது மடல் வரை இருந்தது. இடது, இருந்த இடமே தெரியவில்லை. குதிகால் வலி தாங்காமல் ஒற்றைக் காலில் நின்று வெட்டியதால் வந்த வினை.

"இப்ப இதுதான் சார் பேஷன்" என்று சமாளித்தார்.

மறுநாள் முக்காலியில் உட்கார்ந்து வெட்டினார். வந்தவர் தலையில் படிக்கட்டு விழுந்தது. அதற்கடுத்த நாள், வலிக்கு நல்லதென்று யாரோ சொன்னதால் காலுக்கடியில் பாட்டிலை உருட்டிக்கொண்டே சவரம் செய்தார். பாட்டில் நழுவியது. பேங்க் மேனேஜரின் மீசையில் பாதி போயே போய்விட்டது.

மனைவி பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே வெந்நீர் வைத்துக் கொடுத்துத் திட்டியிருப்பாள். அந்தத் திட்டுக்காகவே ஏங்கினார் மனிதர். மகளின் பிரசவத்துக்கு அவள் போய் மூன்று மாதம் ஆகிறது. தினமும் போனில், "சாப்டீங்களா?" என்பாள். "ம்" என்பார். 'வந்துடு' என்ற சொல் தொண்டை வரை வரும். வறட்டு கௌரவம் அதை உள்ளே தள்ளிவிடும்.

கடைசியில் பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போனார். டாக்டரம்மா அவர் பாதத்தை நனைத்துக் காகிதத்தில் நிற்க வைத்தார். கணுக்காலை மேலே மடக்கிப் பார்த்தார்.

"பாதத்துல வளைவே இல்ல, பாருங்க, முழுசாப் பதிஞ்சிருக்கு. கணுக்காலும் சரியா மடங்கல. நடக்கிறப்போ பாரம் பூரா குதிகால் தசைநாரைத்தான் இழுக்கும்."

"பொறந்ததுல இருந்து இதே கால்தானேம்மா?"

"அதான் கேக்கறேன். இப்ப புதுசா என்ன பண்றீங்க? போன்லயே வீட்டுச் செருப்பைக் கொண்டு வரச் சொன்னேனே?"

தயங்கித் தயங்கிப் பையைத் திறந்தார். பூப்போட்ட, சின்னஞ்சிறு பெண்கள் செருப்பு.

"ஐயா, இதுல உங்க குதிகால் பாதி வெளிய தொங்குமே! உங்க செருப்பு என்னாச்சு?"

"வீட்டுக்காரி ஊருக்குப் போன அன்னைக்கே தெருநாய் தூக்கிட்டுப் போயிடுச்சு. அதுக்கு பிஸ்கட் போடறதையே நிறுத்திட்டேன்."

"புதுசு வாங்கறதுதானே?"

சலூன்காரர் காகிதத்தில் பதிந்திருந்த தன் ஈரக்கால் தடத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"இதைப் போட்டு நடந்தா டப் டப்னு சத்தம் வரும்மா. வீட்டுக்குள்ள அவ நடக்கிற மாதிரியே இருக்கும்."

டாக்டரம்மா சீட்டை எடுத்து எழுதினார். பிறகு, "கணுக்காலுக்குப் பயிற்சி எழுதியிருக்கேன். அதுக்கு முன்னாடி அவங்களை வரச் சொல்லுங்க" என்றார்.

வாசலுக்கு வந்ததும் கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டார். மருமகன் எடுத்தார்.

"மாப்ள, அத்தைய வரச் சொல்லுங்க. அவ இல்லாம முடியல. குதிகால் வேற உயிர் போகுது."

"உங்களுக்குமா மாமா? அத்தையும் இங்க நொண்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. பத்து தடவ சொல்லிட்டேன், உங்க பெரிய செருப்பைக் கழட்டவே மாட்டேங்கறாங்க!"