காத்தடிக்கும் மெஷினுக்கு ஒரு ப்ளக்

ஒரு சாமானைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, அதைப் பற்றி இங்கிலீஷில் மூன்று பக்கம் எழுதக்கூடியவனிடம் ஒருபோதும் கொடுக்கக் கூடாது. அவன் மூன்று பக்கத்தையும் நன்றாக எழுதுவான். சாமானைத் தவறாக வாங்குவான். நான் எழுதியிருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன். எனவே இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

தொண்ணூறுகளின் கடைசி. லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் எனக்குக் கிளாக்கர் வேலை. நிரந்தரமில்லை. ‘பார்க்கலாம்’ என்ற ஒரு சொல்லில் இரண்டு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். அதே தோட்டத்தின் மேற்பிரிவு லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில் பிறந்து, பதுளையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்து, ஆபீஸ் நாற்காலியில் வந்து உட்கார்ந்த முதல் லயத்துப் பையன் நான். (முதல் ஆளுக்கு வருகிற திமிர் இருக்கிறதே, அது இரண்டாவது ஆளுக்கு வராது.) சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பேன். அதில் ஒன்றுதான் எழுதும்.

வேலை நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். இரண்டு அறை, தனிக் குழாய், கரண்ட். அப்பா போன பிறகு அம்மா மேற்பிரிவில் ஒற்றை அறைக் காம்பராவில் தனியாக இருந்தாள். மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் கண் எந்நேரமும் சிவந்திருக்கும். குவார்ட்டர்ஸ் கிடைத்த அன்றே வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அம்மா அதை லயம் முழுக்கச் சொல்லி முடித்து, பாத்திரங்களில் பாதியைச் சாக்கில் கட்டியும் வைத்துவிட்டாள். ஆகவே நான் தோற்க முடியாது.

தோட்டத்து மேனேஜரான எங்கள் துரைக்கு ஜீப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நல்ல ரோட்டை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போவார். சேற்றிலும் பாறையிலும் ஏற வேண்டுமென்றால் டயரில் பாதிக் காற்றை இறக்க வேண்டும், அப்போதுதான் டயர் தரையைப் பிடிக்கும். திரும்பத் தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றை ஏற்ற வேண்டும். அதற்குக் கையோடு கொண்டுபோகிற மாதிரி ஒரு காத்தடிக்கும் மெஷினைப் பார்த்து வாங்கும்படி துரை என்னிடம் சொன்னார். காரணம் இருந்தது. அடுத்த மாதம் கொழும்புத் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு பெரியவர் தன் சொந்த ஜீப்போடு வருகிறார். அவருக்கும் இதே பைத்தியம். என் நிரந்தர நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

பதுளைக் கடையொன்றில் பேசி, மூன்று மெஷின்களைப் பார்த்துத் திருப்பித் தருவதாகச் சொல்லித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தேன். ஃபாக்டரி வாசலில் பரீட்சை. முதலாவது கையளவு சாமான், ஜீப்பில் சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையில் செருகுவது. ஒரு டயர் நிறைவதற்குள் சூடாகி, நாற்றமடித்து, நின்றுவிட்டது. இரண்டாவதை ஜீப் பேட்டரியில் கவ்வவிட்டு ஓட்ட வேண்டும். சொன்ன பேச்சைக் கேட்டு ஓடியது, ஆனால் ஒரு டயருக்குப் பன்னிரண்டு நிமிஷம். மூன்றாவதுக்கு வயிறு மாதிரி ஒரு தொட்டி, இரண்டு சக்கரம், பிடித்து இழுக்க ஒரு கைப்பிடி. ஃபாக்டரிச் சுவரில் ப்ளக்கை மாட்டினேன். இரண்டே நிமிஷத்தில் டயர் கிண்ணென்று நின்றது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அதோடு விடவில்லை. மூன்றையும் கொழுந்து நிறுக்கும் தராசில் தொங்கவிட்டு நிறுத்தேன். சிரிக்காதீர்கள். ஆயுள் முழுக்கக் கூடையை அந்தத் தராசில் மாட்டிவிட்டு, அது சொல்கிற கணக்கைக் கேட்டுக்கொண்டு போகிற சனம் நாங்கள். எடை கூடினால் சரக்கு நல்லது என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. மூன்றாவது மெஷின் மற்ற இரண்டையும் சேர்த்ததைப் போல மூன்று மடங்கு கனத்தது. முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

துரையின் டிரைவர் முத்தையா அண்ணன் மட்டும் தலையைச் சொறிந்தார்.

“தம்பி, பேட்டரியில ஓடுறத எடுத்தா நல்லது. இத மேல கொண்டுபோய் எங்க மாட்டுறது?”

“லயத்துல மாட்டிக்கலாண்ணே. கரண்டு போஸ்ட்டு வாசல்லயேதான நிக்குது?” என்றேன்.

நிற்கத்தான் செய்தது. ஃபாக்டரிக்கும் பங்களாவுக்கும் கரண்ட் கொண்டுவரும் கம்பிகள் மேற்பிரிவு லயத்துக் கூரைக்கு நேர் மேலாகத்தான் போயின. நான் நினைத்துப் பார்த்தபோதெல்லாம் அந்தப் போஸ்ட்டும் கம்பியும்தான் கண்ணுக்கு வந்தன. பதுளையில் பல வருஷம், பிறகு ஃபாக்டரிக்குப் பின்னால் ஓர் அறையில் இரண்டு வருஷம் என்று சுவிட்சைத் தட்டியே பழகியவன் நான். அம்மாவைப் பார்க்கப் போவதும் ஞாயிற்றுக்கிழமை பகலில். அம்மாவின் சிவந்த கண்களுக்காகக் குவார்ட்டர்ஸ் கேட்டவனுக்கு, அந்தக் கண்கள் ஏன் சிவந்தன என்பது மெஷின் வாங்கும்போது நினைவுக்கு வரவில்லை. லயத்துப் பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று முத்தையா அண்ணனும் தலையாட்டிவிட்டுப் போனார். துரைக்கு இங்கிலீஷில் எழுதிய அறிக்கையில் ‘காற்று நிரப்புமிடம்: மேற்பிரிவு லயம்’ என்று அடிக்கோடிட்டு எழுதினேன். துரை படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மூன்று பக்கத்தை யார் படிப்பது?

அந்த ஞாயிறும் வந்தது. முன்னால் துரையின் ஜீப், பின்னால் கொழும்புப் பெரியவரின் ஜீப். காட்டுப் பாதை ஆரம்பிக்கும் ஓடைக்கரையில் நான் குதித்து இறங்கி, ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி எட்டு டயர்களிலும் பாதிக் காற்றை இறக்கினேன். ஒவ்வொரு டயருக்கும் எழுந்து நின்று, “ஓகே சேர்” என்று வேறு சொன்னேன். பிறகு இரண்டரை மணி நேரம் துரையின் ஜீப்பின் பின்பக்கம் அந்த மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பாறைக்கும் அது என் வயிற்றில் ஒரு குத்து விட்டது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். முத்தையா அண்ணன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

காடு முடிகிற இடத்தில் மேற்பிரிவு லயம். அங்கிருந்து கீழே ஃபாக்டரி வரைக்கும் தார் ரோடு, மடக்கு மடக்காக வளைவுகள். பாதிக் காற்றோடு இறங்கினால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று, ஜீப் பள்ளத்துக்குப் போய்விடும். ஜீப்புகள் நின்றன. லயத்துச் சனம் முழுக்க வெளியே வந்தது. நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மெஷினை இறக்கி, கைப்பிடியைப் பிடித்து எங்கள் காம்பரா வரைக்கும் உருட்டிப்போனேன். சொந்த வீட்டிலேயே மாட்டிக் காட்டலாம் என்ற ஆசை.

ப்ளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். ஒரு சுவரைப் பார்த்தேன். அடுத்த சுவரைப் பார்த்தேன். அடுப்பு மூலையில் குனிந்து பார்த்தேன். அம்மா கட்டிவைத்திருந்த சாக்கை நகர்த்திப் பார்த்தேன். அம்மா என் பின்னாலேயே வந்தாள்.

“என்ன சாமி தேடுற?”

“ப்ளக் மாட்டணும்மா. எங்க இருக்கு?”

அம்மா என்னையும் என் கையிலிருந்த ப்ளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இங்க ஏது சாமி கரண்டு?”

அந்த நேரத்தில்தான் கூரையில் தொங்கிய குப்பி விளக்கு என் கண்ணில் பட்டது. நான் பிறந்ததிலிருந்து அங்கே தொங்குகிற விளக்கு. வெளியே வந்தேன், ப்ளக் இன்னும் கையிலேயே இருந்தது. முத்தையா அண்ணனுக்கு என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். துரை விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். கொழும்புப் பெரியவரும் தொப்பியைக் கழற்றி, விசிறிக்கொண்டே சிரித்தார். கதை அந்தச் சிரிப்போடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பெரியவர் நிமிர்ந்து கம்பிகளைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் என்னிடம் கேட்டார், கம்பி தலைக்கு மேலேயே போகிறதே, இவர்களுக்கு ஏன் லைட் இல்லை?

என் மேசை லாச்சியில் அதற்குப் பதில் இருந்தது. மேற்பிரிவுத் தொழிற்சங்கத் தலைவர் ராமையா, லயத்துக்குக் கரண்ட் கேட்டு, எல்லோரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக் கொடுத்த பெட்டிசம். அதில் அம்மாவின் கைநாட்டும் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் அதைத் துரையிடம் கொண்டுபோனபோது அவர் முகம் சுளித்தார். நான் வாயைத் திறக்காமல் திரும்பக் கொண்டுவந்து லாச்சிக்குள் போட்டு, மேலே வேறு பைல்களை வைத்தேன். நியமனம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதோடு அதை மறந்தும் போனேன். ‘பார்க்கலாம்’ என்ற சொல்லை ஆபீஸில் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிட்டேன்.

துரை இப்போது சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவர்கள் இன்னும் கேட்கவில்லை, சேர்” என்று சிங்களத்தில் சொன்னேன்.

லயத்தில் சிங்களம் புரியாதவர் ஒருவரும் கிடையாது. பிள்ளைகளின் சிரிப்புக்கூட நின்றுவிட்டது. ராமையா தலைவர் என்னைப் பார்த்தார். நேற்றுவரை என்னை ‘டேய்’ என்று கூப்பிட்டவர், அப்பாவின் பாடையைத் தூக்கியவர். அவர் திரும்பி, வாலிபால் பந்துக்குக் காத்தடிக்கிற பம்பை எடுத்து வரும்படி யாரிடமோ மெதுவாகச் சொன்னார்.

லயத்து ஆம்பிளைகள் ஓய்வு நாளில், ஆளுக்கு ஐம்பது அடி என்று முறை வைத்து, ஒரே கைப்பம்பால் எட்டு டயர்களுக்கும் காற்று ஏற்றினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் தேர்ந்தெடுத்த மெஷின் பக்கத்தில் சும்மா நின்றது. வெட்கம் தாங்காமல் நானும் போய்ப் பம்பைப் பிடிக்கக் கை நீட்டினேன். ராமையா தலைவர் என் கையை மெல்ல விலக்கினார்.

“வேணாங்க கிளாக்கரய்யா. நீங்க நில்லுங்க.”

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் ‘ங்க’ அது. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அம்மா விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். எனக்கும் அவர்களுக்குக் கொடுத்த மாதிரியே பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பீங்கான் கோப்பையில், கீழே தட்டு வைத்துக் கொடுத்தாள். என்னுடைய ஈயக் கப் அவளுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

நியமனக் கடிதம் அடுத்த மாதமே வந்துவிட்டது. சமயத்துக்கு ஏற்றபடி நடந்துகொள்ளத் தெரிந்த பையன் என்று பெரியவர் சொன்னதாகச் சொல்லித் துரை என் முதுகில் தட்டினார். மெஷினை ஃபாக்டரியில் தூசி ஊதப் போட்டார்கள். அங்கே அருமையாக உழைத்தது, தேர்வு தப்பென்று அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. நான் ட்ராக்டர் ஒன்றைக் கேட்டு எடுத்துக்கொண்டு அம்மாவைக் கூட்டிவரப் போனேன். சாக்கு அவிழ்க்கப்பட்டிருந்தது. பாத்திரங்கள் எல்லாம் பழைய இடத்திலேயே அடுக்கியிருந்தன.

“கெளம்பும்மா, ட்ராக்டர் நிக்குது” என்றேன்.

“நான் இன்னும் கேக்கலையே, சாமி” என்றாள் அம்மா.

கோபமில்லாத குரல். அடுப்பை ஊதப் போய்விட்டாள். நான் வெறும் ட்ராக்டரோடு இறங்கி வந்தேன். சில வருஷம் கழித்து ராமையா தலைவர் இன்னொரு பெட்டிசம் எழுதி, தோட்டத்து ஆபீஸை நம்பாமல் நேரே பதுளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, லயத்துக்குக் கரண்ட் வாங்கினார். ஒரு டயருக்குக்கூடக் காற்று ஏற்றாத என் கைகளுக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது. அம்மா இன்றுவரை என் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. காலையில் வருவாள், பேரப்பிள்ளைகளோடு இருப்பாள், வெயில் இறங்குவதற்குள் போய்விடுவாள்.

எங்கள் வீட்டில் இது பெரிய பகிடிக் கதை. நான் எதை வாங்கி வந்தாலும், அது குடையாக இருந்தாலும் சரி, ப்ளக் எங்கே மாட்டுவதென்று பார்த்தீர்களா என்று மனைவி கேட்பாள். கதையை நன்றாகச் சொல்வது அம்மாதான். கையில் ப்ளக் இருப்பதாகப் பாவனை செய்து, நான் சுவர் சுவராகத் தேடியதை நடித்துக் காட்டுவாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். “இங்க ஏது சாமி கரண்டு” என்று சொன்னதோடு நிறுத்திக்கொள்வாள்.

போன தீபாவளிக்கு என் மகள் விடவில்லை. அந்தக் கொழும்புக்காரர் என்ன கேட்டார், அப்பா என்ன சொன்னார் என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள். நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவங்க சிங்களத்துல ஏதோ பேசிக்கிட்டாங்க கண்ணு. எனக்கு என்னாத்த புரியும்?” என்றாள் அம்மா.

லுணுகலைக் கடைவீதியில் கருவாட்டுக்காரரோடு அரைமணி நேரம் சிங்களத்திலேயே பேரம் பேசி, அவரைச் சிரிக்கவைத்துவிட்டு வருகிறவள் அவள்.