மனேச்சரின் பல்லும் பகல் வண்டியும்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு இயந்திரத்தைத்தான் திருத்தப் போனேன். நான் கைவைக்கும்வரை அதில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. புத்தூரிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய், நீர்வேலியில் ஒரு வாழைக்குலைக் கொம்பனியில் வேலை பார்த்தேன். தொலைபேசி எடுப்பதும் நான்தான், தட்டச்சு அடிப்பதும் நான்தான். சேர்ந்து மூன்று மாதம். ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். கொம்பனியின் தொழில், ஊர்த் தோட்டங்களில் வெட்டிய குலைகளைக் கந்தோர்க் கட்டடத்துக்குப் பின்னாலிருந்த வளவில் சருகு சுற்றி அடுக்கி, இரவு ரயிலில் கொழும்புக்கு அனுப்புவது.

மனேச்சர் ஞானமுத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வெயிலிலும் கழுத்துப்பட்டி கழற்றாதவர். தொலைபேசியில் வரும் ஒவ்வொரு செய்தியையும் நான் மூன்று பிரதி அடித்து அவருடைய தபால் தட்டில் வைக்க வேண்டும். அவர் வாசித்துக் கையொப்பம் வைத்த பிறகுதான் ஒரு பிரதி பின் வளவுக்குப் போகும். (போய்ச் சேரும்போது சில வேளை குலையே பழுத்திருக்கும்.)

அவருடைய மைத்துனர் லண்டனிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். கந்தோரில் ஆளில்லாத நேரத்தில் தொலைபேசி அடித்தால் அது தானே எடுத்து, அந்தப் பக்கம் சொல்வதைக் கசற் நாடாவில் பதிந்து வைக்குமாம்.

"புவனேஸ்வரி, உமக்கு உந்தப் பெட்டியைத் தொலைபேசியோடை பூட்டத் தெரியுமோ?" என்று மனேச்சர் கேட்டார்.

"ஓம் சேர்," என்றேன். (எங்கள் வீட்டு ரேடியோவின் குமிழைத் திருப்பவே எனக்கு அனுமதி இருந்ததில்லை.)

இரண்டு நாள் மேசைக்குக் கீழே தவழ்ந்து திரிந்து பூட்டி முடித்தேன். திட்டம் பெரிது. ஆளில்லாத நேரத்தில் வரும் குரல் கசற்றில் விழும். காலையில் நான் அதைக் காதில் மாட்டிக் கேட்டு, தட்டச்சு அடித்து, உரியவரின் தட்டில் போடுவேன். குரலாக உள்ளே போனது கடிதமாக வெளியே வரும். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லியே அம்மாவுக்குக் காது புளித்துவிட்டது.

என் மேசையில் ஏற்கெனவே இன்னொரு வயர் இருந்தது. பின் வளவில் வேலை செய்பவர்களைக் கூப்பிட ஒரு ஒலிபெருக்கி வைத்திருந்தோம். அதற்குப் போகும் வயர் அது. காதில் மாட்டுவதன் வயரும் கறுப்பு, அதுவும் கறுப்பு. முனையும் ஒன்றுபோல.

அன்று காலை மனேச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். என் வணக்கத்துக்குப் பதில் இல்லை. ஒரு துண்டில் 'ஒருவரும் உள்ளே வரவேண்டாம்' என்று எழுதி என் மேசையில் வைத்துவிட்டு அறைக் கதவைப் பூட்டினார். முதல்நாள் கடிதத்தில் அவருடைய பெயருக்கு ஒரு கால் குறைத்து அடித்திருந்தேன். கோபம் அதற்குத்தான் என்று நினைத்தேன்.

பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னியது. வேலையால் அவர் மனத்தைக் குளிர்விப்போம் என்று இரு காதையும் இறுக்கி மூடும் அந்தப் பெரிய கருவியை மாட்டி, வயரைக் குத்தி, கசற்றை ஓடவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் சுற்றி, மறுபடி ஓடவிட்டேன். இல்லை. பெட்டியில்தான் பிழை என்று திருத்தப் போய், சத்தத்தைக் கடைசி மட்டும் கூட்டி, மூன்றாம் முறை ஓடவிட்டேன்.

யன்னலில் கந்தையா அண்ணை தெரிந்தார். பின் வளவுக்குப் பொறுப்பானவர். தன் வாயைச் சுட்டிக் காட்டினார். பிறகு கையை வெட்டி வெட்டிக் காட்டினார். பல்வலியாக்கும் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் காதிலிருந்ததைக் கழற்றினேன்.

வளவு முழுக்க மனேச்சரின் மனைவி கதைத்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியில் குத்தியிருந்தது ஒலிபெருக்கியின் வயர்.

"இஞ்சரப்பா, பல்லுச்செட் இஞ்சை கிளாசுக்குள்ளை கிடக்குது. பாண்காரனிட்டைக் குடுத்து விடுறன். அவன் வருமட்டும் வாயைத் திறவாதேங்கோ. கட்டித் தந்த இறைச்சியைத் தொடவேண்டாம். அங்கை கதலிப்பழம் கிடக்கும்தானே, அதைச் சாப்பிடுங்கோ."

மனேச்சரின் சட்டப்படியே மூன்று பிரதி. மூன்றும் ஊருக்கு.

அறைக் கதவு திறந்தது. மனேச்சர் கைக்குட்டையோடு நின்றார். நான் பாய்ந்து ஒரு வயரைப் பிடித்து இழுத்தேன். அது எதிலும் குத்தாமல் கிடந்த, காதில் மாட்டுவதன் வயர். கசற் தன்பாட்டில் ஓடி அடுத்த செய்திக்குப் போனது. கொழும்பில் எங்கள் முகவராக இருந்த சிவபாலனின் குரல்.

"சேர், இண்டைக்கு இரவு வண்டியிலை எங்கடை சரக்குப் பெட்டியைக் கொழுவமாட்டினமாம். பகல் வண்டியிலைதான் இடம். பதினொண்டரைக்குள்ளை குலையள் ஸ்டேசனிலை நிக்கவேணும். விட்டால் இனித் திங்கட்கிழமைதான்."

அன்று வெள்ளிக்கிழமை. மணி எட்டரை. வளவில் ஒரு லொறிக் குலை கிடந்தது, பாதிக்குச் சருகு சுற்றவில்லை. திங்கட்கிழமைவரை கிடந்தால் மாட்டுக்குத்தான் போடலாம்.

மனேச்சர் கைக்குட்டையை எறிந்துவிட்டு வளவுக்கு ஓடினார். கைகளை வீசி ஏதேதோ கட்டளையிட்டார். ஒரு சொல்லும் ஒருவருக்கும் விளங்கவில்லை.

"சேர், நீங்கள் கதைச்சுக் கஷ்டப்படாதேங்கோ," என்றார் கந்தையா அண்ணை. "நாங்கள் கேட்டிட்டம்."

உண்மையில் அவர்கள் பாதி வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார்கள். லொறி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஒருவனுக்குச் சருகு, ஒருவனுக்குக் கயிறு, ஒருவனுக்குத் தூக்கி ஏற்றும் வேலை. நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சருகு சுற்றினேன். மனேச்சர் கழுத்துப்பட்டியைக் கழற்றினார். அதை முதலும் கடைசியுமாக அன்றுதான் கண்டேன். லொறியில் அடங்காத ஒன்பது குலைகளைத் தன்னுடைய ஏ-40 காரில் ஏற்றி, ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, தானே ஓட்டிப் போனார். பதினொன்றேகாலுக்குக் கடைசிக் குலையும் ரயில் பெட்டிக்குள் ஏறியது. பகல் வண்டி போனபோது பிளாட்பாரத்தில் வியர்த்து நின்ற எல்லோருமாகச் சேர்ந்து கைகாட்டினார்களாம். வண்டியில் இருந்தவர்கள் யாரோ அமைச்சர் போகிறார் என்று எட்டிப் பார்த்தார்களாம்.

பாண்காரன் பேக்கரிப் பெட்டியோடு பன்னிரண்டு மணிக்கு வந்தான். பேப்பரில் சுற்றிய பொட்டலத்தை வாங்கி மனேச்சரின் தபால் தட்டில் வைத்தேன். அன்று ஒழுங்கான வழியில் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

மத்தியானம் மனேச்சர் அறைக்குள் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்றே நடந்தேன். பல் இடத்தில் இருந்தது, கழுத்துப்பட்டியும் இடத்தில் இருந்தது.

"சிவபாலன்ரை செய்தி தாளிலை என்ரை தட்டுக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?"

"நீங்கள் கதவு திறந்த பிறகு கையொப்பம் வைச்சிருப்பியள், சேர்."

"பாண்காரன் எத்தினை மணிக்கு வந்தவன்?"

"பன்ரண்டுக்கு, சேர். வண்டி போன பிறகு."

பேனாவின் மூடியைத் திருகி மூடினார். "நாளையிலை இருந்து கொழும்புச் செய்தியள் நேரை வளவுக்குப் போகட்டும். உந்த வயர் அப்பிடியே இருக்கட்டும்." எழும்பிப் போனேன். வாசலில் மறுபடி கூப்பிட்டார். "வீட்டிலை இருந்து வாறது மட்டும் தாளிலை. ஒரே ஒரு பிரதி."

அடுத்த கிழமையே வேலை நிரந்தரமானது. கடிதத்தை அடித்தவளும் நானே. (ஒரு எழுத்துப் பிழை இல்லை.)

இப்போது என் மகள் ரொறொன்ரோவில் இருக்கிறாள். கந்தோர்த் தொலைபேசிகளில் விட்ட குரல் தானாகவே மின்னஞ்சலாகப் போய் விழுவதற்கு ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் அவளுடைய தொழில். நேர்முகத் தேர்வில், இந்த வேலையில் எத்தனை வருட அனுபவம் என்று கேட்டார்களாம்.

"என்ன சொன்னனீ?" என்று கேட்டேன்.

"எனக்கு ரெண்டு வருசம், எங்கடை குடும்பத்துக்கு முப்பது வருசம் எண்டனான், அம்மா."

வேலை கிடைத்துவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை அவளே தொடங்கிவிடுகிறாள். அவளுடைய கதையில் குலைகள் இப்போது மூன்று லொறிக்கு வந்துவிட்டன. நான் திருத்துவதில்லை. திருத்தப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே.